பந்து கொடுக்காத தேசப்பன்

திருத்தணி மலையடிக் கால்பந்துக் குழுவில் தேசப்பனை ஒருவருக்கும் பிடிக்காது. அவனுக்கும் அந்தக் குழுவில் ஒருவரையும் பிடிக்காது. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் குழு வாங்கிவந்த கோப்பைகளில் பெரும்பாலானவை அவன் காலால் வந்தவை என்பதை, அவனைத் திட்டுகிறவர்கள்கூடத் திட்டி முடித்த பிறகு ஒப்புக்கொள்வார்கள்.

பார்த்தால் ஆட்டக்காரன் மாதிரியே இருக்க மாட்டான். குள்ளம். கரும்பு வெட்டி இறுகிப்போன தோள்கள், லேசாக முன்பக்கம் வளைந்த முதுகு. பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு நாலு பேரைச் சுற்றிவரும் வித்தையெல்லாம் அவனிடம் கிடையாது. ஆட்டத்தில் பாதி நேரம் இடுப்பில் கையை ஊன்றி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நிற்பான். அவனைக் காவல் காக்கிற எதிரணிக்காரன் முதலில் பக்கத்திலேயே நிற்பான். அப்புறம் சலித்துப்போய் வேறு பக்கம் பார்ப்பான். அது போதும். எங்கிருந்தோ பந்து வந்து விழும், விழுகிற இடத்தில் தேசப்பன் இருப்பான், வலை ஆடும். முட்டியில் பட்டுப் போன கோல், முதுகில் பட்டுப் போன கோல், கீழே விழுந்து கிடக்கும்போது குதிகாலால் தட்டிவிட்ட கோல் என்று அவன் அடித்தவற்றில் அழகானது ஒன்றும் இருக்காது. ஆனால் நிறைய இருக்கும்.

பந்தை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டான்.

குழுவின் தலைவன் பரசுராமன், அரிசி மில் முதலாளியின் மகன். பனியன், பந்து, வெளியூர் போக வேன் எல்லாம் அவன் வீட்டுச் செலவு. நடுக்களத்தில் நன்றாகவே ஆடுவான். தலையை நிமிர்த்தி, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்து ஆடுகிற ஆட்டம். ஒருநாள் பயிற்சி முடிந்ததும் தேசப்பனை நிறுத்திக் கேட்டான்.

"நான் ஆள் இல்லாம தனியாத்தான நின்னுகினு இருந்தேன். ஏன் பாஸ் கொடுக்கல?"

"பாத்தேன்," என்றான் தேசப்பன். "அவங்களே உன்ன கண்டுக்காம வுட்டுக்கீறாங்க. நான் எதுக்கு வேலமெனக்கெட்டு கொடுக்கணும்?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பரசுராமன் முகம் சுண்டிப்போனது. இம்மாதிரி நேரத்தில் நடுவில் புகுந்து இருவரையும் பிரித்துவிடுகிறவன் கோல்கீப்பர் கோதண்டம். நெடிய ஆள், முறம் மாதிரி கைகள், அதிகம் பேச மாட்டான். பரசுராமன் வீட்டு மில்லில் மூட்டை தூக்குகிற வேலை. தேசப்பனின் அக்கா ரஞ்சிதத்தைக் கட்டியவன்; அக்கா புருஷன் என்பதால் தேசப்பனுக்கு அவன் பாவா. இரண்டு பேரும் ஒரே காலனி. குழுவில் காலனி ஆட்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

அந்த வருடம் பொங்கலுக்குப் பள்ளிப்பட்டில் நடந்த போட்டியில் தேசப்பன் அடித்த கோல்களால் குழு ஜெயித்தது. பரசுராமனின் அப்பா மில்லில் விருந்து வைத்தார். உள்ளே பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். கோழிக் குழம்பு வாசனை வாசல் வரைக்கும் வந்தது. தேசப்பனும் கோதண்டமும் படி ஏறும்போது பரசுராமனின் சித்தப்பா கையை நீட்டி, பின்பக்கம் நெல் காயவைக்கிற களத்தைக் காட்டினார்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் அங்க போட்டுக்கீது. போய் ஒக்காருங்க."

பரசுராமன் பக்கத்தில்தான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. அந்தக் கயிற்றை அவிழ்க்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

களத்தில் இரண்டு இலைகள் கிடந்தன. கோதண்டம் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தான். தேசப்பன் நின்றான்.

"ஒக்காரு மச்சான். சோறு ஆறிப்போவுது."

"நீ துன்னப்போறியா பாவா?"

"துன்னாம? நாளைக்கும் நான் இங்கதான் மூட்ட தூக்கணும்."

தேசப்பன் திரும்பி நடந்தான். களத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போக வழி இருந்தது. அவன் அதில் போகவில்லை. பின்கதவைத் தள்ளித் திறந்து, சேறு ஒட்டிய பூட்ஸோடு பந்தியின் நடுவே, இலைகளுக்கு இடையில் காலை வைத்து, முன்வாசல் வழியாகப் போனான்.  கதவு திறந்தது திறந்தபடியே இருந்தது.

அடுத்த போட்டிக்குள் அவன் அம்மையார்குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தான்.

அம்மையார்குப்பம் நெசவாளர்களின் குழுவுக்கும் திருத்தணிக்கும் ஆகவே ஆகாது. வருடா வருடம் இறுதி ஆட்டத்தில் இவர்கள் இருவரும் மோதுவார்கள், கல் பறக்கும், போலீஸ் வரும். விசைத்தறிக் கொட்டகைகள் வைத்திருந்த சடகோபன்தான் அந்தக் குழுவை நடத்தினார். தேசப்பனுக்குத் தறியில் வேலையும், கொட்டகைக்குப் பின்னால் தங்க ஓர் அறையும் கொடுத்தார். பாசத்தினால் இல்லை. திருத்தணிக்காரன் முகத்தில் கரி பூச வேண்டும், அதற்கு ஓர் ஆள் வேண்டும். அதை அவர் மறைக்கவும் இல்லை.

"எனக்கு உன் மூஞ்சியும் பிடிக்கல, வாயும் பிடிக்கல," என்றார் முதல் நாளே. "கோல் போடு. அது போதும்."

"எனக்கும் அது போதும்," என்றான் தேசப்பன்.

செய்தி தெரிந்ததும் திருத்தணி கொதித்தது. கடைத்தெருவில் அவன் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு டயரும் கிழிந்துகிடந்தன. சோறு போட்ட ஊருக்குத் துரோகம் செய்தவன் என்று, அவனுக்கு ஒருவேளைச் சோறும் போடாதவர்கள் பேசினார்கள். அவன் அம்மா பூவம்மாளை வேர்க்கடலை பறிக்கக் கூப்பிடுவது நின்றுபோனது. கடைசியில் அவளும் மூட்டை முடிச்சோடு அம்மையார்குப்பத்துக்கு வந்துசேர்ந்தாள். வந்தவள் மகனை மெச்சவில்லை.

"நைனா இருந்திருந்தா உன்ன செருப்பால அடிச்சிருப்பாரு. வாய மூடிகினு ஓரமா துன்னுட்டு வந்திருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?"

அவன் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

முதல் தடவை அவன் எதிரணிப் பனியனில் திருத்தணி மைதானத்தில் இறங்கியபோது, கூட்டம் அவன் பிறப்பிலிருந்து தொடங்கி வசைபாடியது. ஆரஞ்சுத் தோல், செருப்பு, ஈர மண் என்று கைக்கு அகப்பட்டது எல்லாம் வந்து விழுந்தது. அவன் வழக்கம்போல இடுப்பில் கையை ஊன்றி நின்றான். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் பந்து கால்களுக்கு நடுவே சிக்கி உருண்டது. யாரும் சுதாரிப்பதற்குள் அதை உள்ளே தள்ளினான். குதிக்கவில்லை, ஓடவில்லை. வலைக்குள் போய்ப் பந்தைப் பொறுக்கி எடுத்து, தரையில் கிடந்த கோதண்டத்தின் இரண்டு கைக்குள்ளும் பதமாக வைத்தான்.

"இந்தா பாவா, புடி."

அதன் பிறகு அது அவன் வழக்கமாகிவிட்டது. கோதண்டத்துக்கு எதிரே கோல் அடிக்கும்போதெல்லாம் பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கையில் கொடுத்துவிட்டு அதையே சொல்வான். மற்ற கோல்கீப்பர்களிடம் அப்படிச் செய்ததில்லை. ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்காது. நெற்களத்தில் தனியாக உட்கார்ந்து தின்றவன்மேல் அவனுக்கு இருந்த ஆத்திரம், தின்னவைத்தவன்மேல் இருந்ததைவிடக் குறைவானதல்ல. ரஞ்சிதம் தம்பியோடு பேசுவதை நிறுத்தினாள். புருஷன் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லி அனுப்பினாள்.

தொண்ணூற்றாறில் சென்னையிலிருந்து ஒரு தொழிற்சாலை அணிக்காரர்கள் அவனைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஆட்டம் அசிங்கமாக இருக்கிறது, ஆனால் பந்து உள்ளே போகிறது என்றார்கள். பொங்கல் கழிந்ததும் வந்து சேரச் சொன்னார்கள். நிரந்தர வேலை, சீருடை, அணியில் இடம். சடகோபன் கடுப்பானார். பொங்கல் இறுதி ஆட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போய்த் தொலை என்றார்.

அந்த இறுதி ஆட்டம் திருத்தணியோடுதான். மைதானத்தின் மூலையிலிருந்து உயரமாக வந்த பந்தைத் தேசப்பன் தலையால் தட்டினான். பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. போய்விட்டதைக் கோதண்டமும் பார்த்தான். பார்த்த பிறகும் அவன் ஓடிவருவது நிற்கவில்லை. இரண்டு காலையும் முன்னால் நீட்டிச் சறுக்கி வந்து விழுந்தான். தேசப்பனின் வலது முழங்காலுக்குக் கீழே பச்சை மூங்கில் பிளக்கிற மாதிரி சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு கூட்டம் கைதட்டியது. அதைத்தான் அவனால் எந்நாளும் மறக்க முடியவில்லை. வலி மறந்துபோனது, கைதட்டல் மறக்கவில்லை.

வேனில் போட்டு அப்படியே எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிற புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். பச்சிலையை அரைத்து முட்டையில் குழைத்துத் தடவி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். மறுநாள் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் அங்கேயே வந்துவிட்டார். மைதானத்தில் நடந்த கைகலப்பில் மண்டைகள் உடைந்திருந்தன, அதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் அவருக்கு. கூடவே சடகோபனும் வந்தார்.

"வேணும்னே ஒதைச்சான்னு சொல்லு," என்றார் சடகோபன். "நூறு பேர் பாத்திருக்காங்க. உள்ள தள்ளிடலாம். அந்தப் பரசுராமன் பேரையும் சேத்துச் சொல்லு. அவன்தான் சொல்லி அடிச்சிருக்கான்."

தேசப்பனும் அப்படித்தான் நம்பினான். மூட்டை தூக்குகிறவன் தானாகவா வருவான், முதலாளி மகன் கண்ணைக் காட்டியிருப்பான். ஆனாலும் சப்-இன்ஸ்பெக்டரிடம் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"பந்துக்குத்தான் சார் வந்தாரு. நான்தான் குறுக்க காலை வுட்டுட்டேன்."

அவர் போன பிறகு சடகோபன் கட்டிலை எட்டி உதைக்காத குறை. "அக்கா புருஷன்னு எரக்கமா?"

"எரக்கம் இல்ல. ஜெயிலுக்குப் போயிட்டான்னா கோல்ல வேற எவனாவது நிப்பான். எனக்கு அவன்தான் நிக்கணும்."

அன்று சாயங்காலம் ரஞ்சிதம் வந்தாள். தம்பி காட்டிக்கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டு, அழுது வீங்கிய கண்ணோடு, டிபன் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"உனக்காவச் செய்யல," என்றான் அவன். "எடுத்துகினு போ."

எலும்பு கூடிவிட்டது. முட்டிதான் முழுதாக மடங்கவில்லை. சென்னை அணிக்காரர்கள் அவனை நடக்கவிட்டுப் பார்த்தார்கள், அப்புறம் கூப்பிடவில்லை. அவன் திரும்பிவந்து தறியில் நின்றான். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருப்பான். இடது காலால் மட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் வந்து கத்துவார்கள். அவர்களையும் திட்டி அனுப்பிவிட்டு உதைப்பான்.

இரண்டு வருடம் கழித்துப் பொங்கல் இறுதி ஆட்டம் மறுபடி திருத்தணியில் வந்தது. சடகோபன் அவனைப் பனியன் போட்டு ஓரத்தில் உட்காரவைத்திருந்தார். இறக்குகிற எண்ணமில்லை. ஆட்டம் சமனில் இழுத்துக்கொண்டே போய் முடிகிற நேரம் வந்தது. தேசப்பன் எழுந்துபோய் அவர் முன்னால் நின்றான்.

"நொண்டிக்கினு இன்னாடா செய்வ?"

"முன்னாடியும் நான் ஓடனதில்ல."

வேறு வழியில்லாமல் இறக்கினார். கூட்டத்தில் சிலர் நொண்டுவதுபோல நடந்து காட்டினார்கள். முன்பு பாதி நேரம் நின்றவன் இப்போது முழு நேரமும் நின்றான். இனி இவனால் ஆவது ஒன்றுமில்லை என்று தடுப்பாட்டக்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள். பரசுராமனும் அப்படியே நினைத்துத் தன் கோல்கீப்பருக்குப் பந்தை அசட்டையாகத் திருப்பித் தட்டினான். நடுவே தேசப்பனின் இடது கால் இருந்தது. பந்து அவனிடம் சிக்கியதைப் பார்த்த பரசுராமன் பதறிப்போய்ப் பின்னாலிருந்து அவன் பனியனைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். ரெஃப்ரி விசில் ஊதிப் பெனால்டி கொடுத்தார்.

 அவனும் கோதண்டமும் மட்டும் எதிரெதிரே. கோதண்டம் கைகளை அகல விரித்து, அவன் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது காலா வலது காலா என்பதுதான் கேள்வி. தேசப்பன் நொண்டிக்கொண்டே ஓடிவந்தான். கோதண்டம் வலப்பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்தான். தேசப்பன் ஒடிந்த அந்த வலது காலால், வாசல் குப்பையை ஒதுக்குகிற மாதிரி, பந்தை நடுவில் உருட்டிவிட்டான். அது கோட்டைத் தாண்டுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்ததோ அவ்வளவு நேரமும் கோதண்டம் தரையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஆட்டம் முடிந்து, கல்வீச்சுக்குப் பயந்து கூட்டம் கலைகையில், மைதானத்துக் குழாயடியில் கோதண்டம் முகம் கழுவிக்கொண்டிருந்தான். தேசப்பன் போய் நின்றான். இரண்டு வருடமாக மனசில் உருட்டிவைத்திருந்த கேள்வி.

"பரசுராமன் இன்னா கொடுத்தான் என் காலுக்கு?"

கோதண்டம் தண்ணீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்தான். "அவனா? அவன் ஒண்ணும் சொல்லல. எவனும் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

"பொய் சொல்ற."

"உன்கிட்ட பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவணும்? அன்னிக்கு மில்லுல பந்தி நடுவுல நடந்துபோனியே. எல்லாரும் உன்னத்தான் பாத்தாங்கன்னு நெனச்சுகினு கீற. நீ போனப்புறம் கதவு தெறந்தே கெடந்துது. எல்லாரும் களத்துல என்னத்தான் பாத்தாங்க. கையில சோறு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அதோட வுட்டியா? ஒவ்வொரு தபாவும் பந்தக் கொண்ணாந்து கையில கொடுத்த. நல்லாக் கொடுத்த."

"நீயும் எழுந்து வந்திருக்கலாம் இல்ல."

"ஆங். எழுந்து வந்திருந்தா உங்க அக்காவுக்கு நீ சோறு போட்டிருப்ப." கோதண்டம் துண்டால் முகத்தைத் துடைத்தான். "இன்னொரு தபா அந்த மாதிரி பந்து வந்தாலும் வருவேன். தெரிஞ்சுக்கோ."

அவன் போய்விட்டான். தேசப்பன் குழாயை மூடாமல் நின்றான். இத்தனை நாளும் பரசுராமன்மேல் வைத்திருந்த பகை சுகமான பகை. மில்லும் வேனும் சித்தப்பாவுமாக அதற்கு ஒரு விலாசம் இருந்தது. இப்போது அது இடம்மாறி, தன் காலனியில், தன் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. அதைக் குறைத்துக்கொள்ளவும் அவனால் ஆகவில்லை. கோதண்டம் சொன்னதில் நியாயம் இருப்பதாகத் தோன்றும்போதெல்லாம் முட்டி வலிக்கும்.

அந்த ஆட்டத்தோடு கோதண்டம் கோலில் நிற்பதை விட்டுவிட்டான். மில் வேலையையும் கொஞ்ச நாளில் விட்டு, ரயில்வே கேட் பக்கத்தில் செங்கல் சூளைக்குப் போனான் என்று கேள்வி.

தேசப்பன் ஆடிக்கொண்டுதான் இருந்தான். சடகோபனுக்கு இளவட்டமாக வேறொருவன் கிடைத்ததும் இவனை உட்காரவைத்தார். இவன் மணவூர் குழுவுக்குப் போய், அங்கிருந்து வந்து அம்மையார்குப்பத்துக்கே கோல் அடித்தான். வேலையும் அறையும் போயின. பூவம்மாள் மறுபடி மூட்டை கட்டினாள். எந்த ஊர்க் குழுவிலும் அவனோடு ஒருவன் சேர்ந்து டீ குடித்ததில்லை. ஆனாலும் கோல் வேண்டும் என்றால் ஆள் அனுப்புவார்கள்.

இடையில் ரஞ்சிதத்தின் மகள் அனுராதா பெரியவளானாள். தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு நடக்காது. தேசப்பன் தாம்பாளத்தில் பட்டுப் பாவாடையும் பழமும் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு போனான். வாசலில் கோதண்டம் நின்றிருந்தான். விலகவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை.  தேசப்பன் தாம்பாளத்தைப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பினான். பெருமூச்சோடு ரஞ்சிதம் வந்து குனிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாவாடையைப் பெண்ணுக்குக் கட்டினார்களா என்று அவன் விசாரிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில், முப்பதுகளின் கடைசியை எட்டிப் பிடித்திருந்தபோது, மணவூரில் திருத்தணிக் குழுவோடு ஓர் ஆட்டம் வந்தது. திருத்தணி என்றதும் பழைய சூடு ஏறியது. முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டு இறங்கினான். எதிரே இருந்த முகங்களில் ஒன்றும் அவனுக்குத் தெரிந்ததில்லை. கோலில் தாடி முளைக்காத ஒருவன் கையுறை போட்டுக்கொண்டு நின்றான். முதல் பாதியிலேயே தேசப்பன் அவன் காலுக்கு நடுவில் பந்தை விட்டான். பழக்கத்தில் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தான். கொடுக்கப் போனால், அந்தப் பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்து, "சூப்பர் கோலுண்ணா," என்றது.

தேசப்பன் பந்தைக் கீழே போட்டான். நேராக வெளியே நடந்தான். பின்னாலிருந்து யார் யாரோ கூப்பிட்டார்கள், திட்டினார்கள். ஸ்டேஷனுக்குப் போய்ப் பனியனோடு பெஞ்சில் உட்கார்ந்து, வந்த ரயிலில் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு ஆடவில்லை.

சில நாள் கழித்து ரஞ்சிதம் பஸ் பிடித்து அவன் வீட்டுக்கு வந்தாள். படியில் தாம்பாளம் வைத்ததற்குப் பிறகு முதல் தடவையாக. உள்ளே வராமல் வாசலில் நின்றே கேட்டாள்.

"பாதி ஆட்டத்துல எழுந்து வந்துட்டியாம். ஏன்னு உன் பாவா கேட்டாரு."

"அவன இன்னாத்துக்குக் கேக்கச் சொன்ன?"

"நான் சொல்லல. அவராத்தான் கேட்டாரு."

தேசப்பன் முட்டியைத் தடவிக்கொண்டான்.

"அந்தப் பையனுக்குக் கோல்ல நிக்கத் தெரியல, அதான் வந்துட்டேன்னு சொல்லு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். போ, பஸ்ஸு போயிடப்போவுது."

அவள் போனாள். வீட்டில் போய்ச் சொன்னாளா, சொன்னதற்குக் கோதண்டம் என்ன சொன்னான் என்பதையெல்லாம் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. திருத்தணிக் கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால் இருவரில் ஒருவர் இன்றைக்கும் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.